ஜூம் இல்லாத கேமராவும் நெல்லிக்குப்பத்துக் கரும்பு வண்டிகளும்

லைக்கா எம்10 கைக்கு வந்ததிலிருந்து ஊரில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" அதற்கு நான் சிரித்து மழுப்பிவிடுவேன். இரண்டாவது கேள்வி, "ஜூம் எவ்வளவு வரும்?" வராது. "ஆட்டோஃபோகஸ்?" கிடையாது. "வீடியோவாவது எடுக்குமா?" அதுவும் எடுக்காது. சர்க்கரை ஆலைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப என்னாத்துக்கு சார் வாங்குனீங்க?" என்றார். நியாயமான கேள்வி. நின்றுகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெளியூர் நண்பர்கள் நெல்லிக்குப்பத்தையும் நெய்வேலியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எங்களுடையது கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கும் கரும்பு ஊர். 1842-இல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலைதான் எங்கள் அடையாளம். நெய்வேலி, பண்ருட்டி தாண்டி முந்திரித் தோப்புகளைக் கடந்து போனால் வரும் நிலக்கரி நகரியம். கேமராவை நான் பழகியது இந்த இரண்டு ஊர்களிலும்தான். அதனால் இரண்டும் இந்தப் பதிவில் வரும்.

எது ரேஞ்ச்ஃபைண்டர், எது இல்லை

கட்டை விரலை மூக்குக்கு நேரே நீட்டி, இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறி மாறித் தெரியும். விரலைத் தள்ளிக்கொண்டுபோனால் அந்த ஆட்டம் குறையும். என் எம்10 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தூரத்தை அளப்பதும் இப்படித்தான்.

கேமராவின் முகப்பில் ஏறக்குறைய 7 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். பெரிய ஜன்னல் வழியாக நாம் காட்சியைப் பார்க்கிறோம். சின்ன ஜன்னல் வழியாக வரும் பிம்பம் வ்யூஃபைண்டரின் நடுவே ஒரு சிறு கட்டமாக விழுகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால், அதன் பின்விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ளும். உருளை நகர, கட்டத்தில் இருக்கும் பிம்பமும் நகரும். இரண்டு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டால் ஃபோகஸ் சரி. இதில் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

கவனியுங்கள், நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதனால் கண்ணுக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். பின்னணி மங்குவது முன்கூட்டியே தெரியாது. லென்ஸ் மூடியைக் கழற்றாவிட்டாலும் வ்யூஃபைண்டர் பளிச்சென்றே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதலில் ஜீரணிக்க வேண்டியது இதைத்தான்.

லைக்கா முதல் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1925-இல். இன்றைய எம் கேமராக்களின் மூதாதையான எம்3 வந்தது 1954-இல். டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரை முதலில் கொண்டுவந்தது லைக்கா அல்ல, எப்சன். 2004-இல் வந்த அதன் ஆர்-டி1 கேமராவில் ஃபிலிமே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கைப்பிடியை இழுத்து ஷட்டரைத் தயார் செய்ய வேண்டும். பிறகு 2006-இல் லைக்கா எம்8, 2009-இல் 35 எம்.எம். ஃபிலிமின் முழு அளவுக்கே சென்சார் வைத்த எம்9, 2017-இல் எம்10, 2022-இல் எம்11. பிரான்சில் பிக்ஸி என்ற சிறு நிறுவனம் பின்பக்கத் திரையே இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் செய்கிறது. ஃப்யூஜியின் எக்ஸ்100, எக்ஸ்-ப்ரோ வரிசைகள் பார்க்க அப்படியே இருந்தாலும் உள்ளே இந்த இரட்டை ஜன்னல் அளவுமானி கிடையாது. அவை நல்ல கேமராக்கள்தான், ஆனால் வேறு இனம்.

1950 ஏப்ரல், நமக்குப் பக்கத்தில்

டீக்கடை அண்ணனுக்குச் சொல்ல நினைத்த பதில் இந்தக் கதையில் இருக்கிறது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் 1950 ஏப்ரலில் நம் பக்கம் இருந்தார். ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். வானத்தில் ஓர் ஒளி நகர்ந்துபோனதைப் பார்த்து உடனே நேரத்தையும் குறித்துக்கொண்டார். அதே மாதக் கடைசியில் புதுச்சேரிக்குப் போய் ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அரவிந்தர் 1926-லிருந்து தனிமையில் இருந்தவர். வருடத்தில் சில தரிசன நாட்களில் மட்டும் பக்தர்கள் அவரைப் பார்க்க முடியும். அந்த வருடம் டிசம்பர் 5-இல் அவரும் மறைந்தார். கடைசி ஆண்டுகளின் அரவிந்தர் எப்படி இருந்தார் என்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தப் படங்களால்தான்.

திருவண்ணாமலையும் புதுச்சேரியும் நெல்லிக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடும் தூரம். ஃபோட்டோ வரலாற்றைப் படிக்க பாரிஸ் வரை போக வேண்டியதில்லை என்று இதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அவர் ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் பயன்படுத்தியது லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரும் 50 எம்.எம். லென்ஸும். எம்3 வர இன்னும் 4 வருடம் இருந்த காலம் அது. அப்போதைய லைக்காவில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, சட்டகம் பார்க்க இன்னொரு துளை. 50 எம்.எம். லென்ஸ் தூரத்தில் இருப்பதை இழுத்துக் கொடுக்காது. படத்தில் ஒரு முகம் பெரிதாக இருந்தால், எடுத்தவர் அந்த முகத்துக்கு அவ்வளவு அருகே நின்றிருக்கிறார் என்று பொருள். நிற்க அனுமதி கிடைத்திருக்கிறது என்றும் பொருள். இந்தக் கேமரா கற்றுத்தருவது தூரம். மற்றதெல்லாம் எந்தக் கேமராவிலும் கற்றுக்கொள்ளலாம்.

கரும்பு கொடுத்த பயிற்சி

நடுக்கட்டத்தை வைத்து ஃபோகஸ் செய்ய ஒரு செங்குத்துக் கோடு வேண்டும். கதவு நிலை, மின்கம்பம், மூக்கின் ஓரம், சட்டைப் பட்டன் வரிசை எல்லாம் உதவும். படுக்கைக் கோடு உதவாது, ஏனென்றால் கட்டத்துப் பிம்பம் பக்கவாட்டில்தான் நகர்கிறது. கொடியில் காயும் சேலைக்கரை, தண்டவாளம் மாதிரி இடங்களில் கேமராவை ஒரு கணம் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் பிடித்துவிட்டு மறுபடி படுக்கையாகப் பிடிக்க வேண்டும்.

செங்குத்துக் கோடு அளவுக்கு மீறி இருந்தாலும் தொல்லைதான். அரவைப் பருவத்தில் ஆலைக்கு வரும் டிராக்டர்களையும் மாட்டு வண்டிகளையும் எடுக்கப் போனால் இது புரியும். வழியில், வயலில் நிற்கும் கரும்பில் ஒரு தண்டின் பிம்பம் பக்கத்துத் தண்டின்மேல் உட்கார்ந்து, "சரியாகிவிட்டது" என்று நம்பவைத்துவிடும். கம்பி கிராதி, தென்னந்தட்டி எல்லாம் இதே ஏமாற்று வேலை செய்பவை. கரும்பை விட்டுவிட்டு அதன் நடுவே நிற்கும் ஆளின் தலைப்பாகை ஓரத்தைப் பிடியுங்கள். ஆள் இல்லையென்றால், தண்டுகளுக்கு நடுவே மாறுபட்டு நிற்கும் ஒரு காய்ந்த தோகை போதும்.

இன்னொரு பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். சிறிய 35 எம்.எம். லென்ஸ்கள் பலவற்றில் வளையத்துக்கு அடியில் விரல் வைக்க ஒரு பிடி இருக்கும். அந்தப் பிடி நேர் கீழே நின்றால் எத்தனை மீட்டர், ஒரு பக்கம் ஒதுங்கினால் எத்தனை மீட்டர் என்று உங்கள் லென்ஸில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்புறம் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே விரல் தூரத்தை வைத்துவிடும். நடுக்கட்டம் சரிபார்க்க மட்டும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்10-இன் வ்யூஃபைண்டரில் கண் பவரைத் திருகிச் சரிசெய்யும் வசதி இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சிறு கண்ணாடி வில்லை வாங்கி முடுக்க வேண்டும், அல்லது கண்ணாடியோடு பார்க்க வேண்டும். கண்ணாடியோடு பார்த்தால் 28 எம்.எம். லென்ஸுக்கான சட்டகத்தின் ஓரங்களைப் பார்ப்பது கஷ்டம். லென்ஸ் வாங்கும் முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

எந்த லென்ஸ்?

ஒரே லென்ஸோடு தொடங்குங்கள். என்னுடையது ஃபோக்ட்லாண்டர் கலர்-ஸ்கோபார் 35 எம்.எம். எஃப்/2.5, பழையது. லைக்கா லென்ஸ் இல்லை, அதனால் கேமராவுக்கு அதை அடையாளம் தெரியாது. மெனுவில் லென்ஸ் அடையாளத்தைக் கைமுறைக்கு மாற்றி, அதே அளவுள்ள லைக்கா லென்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும்.

35-இல் எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. சென்சார் அகலம் 36 மி.மீ., லென்ஸ் 35 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய சமம். அதனால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ, படத்தில் விழும் இடத்தின் அகலமும் அவ்வளவே. 3 மீட்டர் தள்ளி நின்றால் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். நிற்கும் ஒரு ஆள் தலை முதல் கால் வரை படுக்கைச் சட்டகத்தில் அடங்குவார். ஒன்றரை மீட்டரில் நின்றால் இடுப்பு வரை. 6 மீட்டர் அகலத்துக்கு வண்டியும் மாடுகளும் முழுசாக வேண்டுமென்றால் 6 மீட்டர் பின்னால் போக வேண்டும். இந்தக் கணக்கு மனதில் ஏறிவிட்டால் கேமராவைத் தூக்காமலேயே படம் தெரிந்துவிடும்.

50-இல் அந்த அகலம் தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. கூட்டம் குறைந்த இடத்துக்கும் தனி ஆள் படத்துக்கும் அது நல்லது. நான் சைஸ் பிளானர் 50 எஃப்/2 ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். அருமையான கண்ணாடி. ஆனால் பண்ருட்டி பலாப்பழ மண்டியில், இரண்டு பக்கமும் பழம் குவித்திருக்கும் சந்தில், பின்னால் நகர இடமில்லை. அங்கே 35-தான் செல்லும்.

சிக்கனமாகத் தொடங்க நினைப்பவர்கள் பழைய திருகு லென்ஸ்களைப் பார்க்கலாம். 1 மி.மீ. தடிப்புள்ள அடாப்டர் வைத்தால் அவை எம் கேமராவில் உட்கார்ந்துவிடும், ஃபோகஸும் இணையும். கேனன் 50 எஃப்/1.8 நல்ல தேர்வு. சோவியத் ஜூப்பிட்டர்-8 விலை குறைவு, படத்துக்கு ஒரு தனி மென்மை உண்டு. ஆனால் லைக்காவின் அளவுமானியோடு அது துல்லியமாக ஒத்துப்போகாது. எஃப்/2-இல், கிட்டத்தில், மூக்கில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போகலாம். எஃப்/5.6-க்கு மேல் அந்தப் பிழை தெரியாது.

வ்யூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டகக் கோடுகள் இரண்டிரண்டாகத் தோன்றும்: 35-உடன் 135, 50-உடன் 75, 28-உடன் 90. எம்10-இல் அந்தக் கோடுகள் 2 மீட்டர் தூரத்துக்கு அளந்து வைத்தவை. தூரக் காட்சிகளில் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் வந்துவிடும். கோட்டுக்கு வெளியே நடப்பது கண்ணுக்குத் தெரிவதுதான் இதன் பெரிய சௌகரியம். திருப்பத்தில் வண்டி வருவது, சட்டகத்துக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடும்.

நம்ம ஊர் வெயிலும் கொடிக்கால் நிழலும்

எஃப்/1.4 லென்ஸ் மேல் ஆசைப்படுகிறவர்கள் சித்திரை வெயிலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்10-இன் ஷட்டர் 1/4000 வரைதான். ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் உச்சி வெயிலில் எஃப்/2 கேட்பது 1/6400. படம் வெளுத்துவிடும். கறுப்பு ஃபில்டர் போட வேண்டும், அல்லது எஃப்/2.8-க்கு இறங்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் பகல் வேலைக்கு விலை உயர்ந்த வேக லென்ஸ் பெட்டியில்தான் தூங்கும்.

வெளியே நடக்கும்போது நான் வைப்பது: ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/1000, தூரம் 3 மீட்டர். லென்ஸில் பொறித்த அளவுகோல்படி 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவு. ஆனால் அந்த அளவுகோல் ஃபிலிம் காலத்துப் பெருந்தன்மையோடு போட்டது. 24 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்கள் தளும்பும். ஒரு படி இறுக்கிக் கணக்கிட்டால் 2.1-லிருந்து 5 மீட்டர். தெருவில் பெரும்பாலான மனிதர்கள் இதற்குள்தான் வருவார்கள். புளியமர நிழலுக்குள் போனால் 1/125. அவ்வளவுதான், மற்றதைத் தொட வேண்டாம்.

தானியங்கி அளவீட்டை நம்பினால் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளை வேட்டி நடுவில் வந்தால் கேமரா பயந்து படத்தை இருட்டாக்கும், முகம் கரியாகும். கறுத்த உடம்பு நடுவை நிறைத்தால் வேட்டி வெளுத்துப் போகும். பச்சைக் கரும்புத் தோகை அல்லது மண்சாலை மேல் அளந்து பூட்டிவிடுவது நல்லது. டிஎன்ஜி கோப்பாக எடுத்தால் நிழலை மேலேற்ற முடியும். ஆனால் வெளுத்துப்போன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது.

வெளிச்சம் குறைந்த இடம் வேண்டுமென்றால் எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போங்கள். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகள் இரண்டு பக்கமும் சுவராக நிற்கும். உச்சி வேளையிலும் உள்ளே பச்சை இருட்டு. தோல் நிறமும் பச்சையாகும், வெள்ளைச் சமநிலையை அங்கேயே ஒரு வெள்ளைத் துண்டை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். எஃப்/2.5-இன் உண்மையான பயன் எனக்கு அங்கேதான் தெரிந்தது. வெற்றிலை கிள்ளும் அம்மாக்கள் நிற்கும் இடமும் நாம் நிற்கும் இடமும் ஒரே வரப்பு. ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளிப் போக முடியாது. பேசிப் பழகாமல் அங்கே படம் எடுக்க முடியாது.

நெய்வேலிப் புகைபோக்கி எதற்கு உதவும்?

ரேஞ்ச்ஃபைண்டர் நுணுக்கமான இயந்திரம். கீழே இடித்தாலோ, மோசமான சாலையில் நெடுநாள் குலுங்கினாலோ அளவு தவறும். சோதிப்பது எளிது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் செங்குத்தான பொருள் ஒன்றைப் பார்த்து, லென்ஸை முடிவிலியில் நிறுத்துங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். பண்ருட்டியிலிருந்து வரும் சாலையில் ஆர்ச் கேட்டை நெருங்கும்போது தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைவிட இதற்குத் தோதானது இல்லை. எங்கள் ஊரில் ஆலைப் புகைபோக்கி. அங்கே பிம்பம் பிரிந்து தெரிந்தால் நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே திருகாதீர்கள்.

சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் பற்றி: அவை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை காவல் காக்கும் இடங்கள். அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம் இன்று விரிந்திருக்கும் அளவைப் பார்த்தால் அகல லென்ஸ் ஏக்கம் வரும்தான். அதற்காகவென்றே அனுமதி கேட்டுப் போகலாம். ஆனால் நெய்வேலியின் படம் சுரங்கத்தில் மட்டும் இல்லை. வட்டங்கள் எனப்படும் நகரியக் குடியிருப்புகளின் மரநிழல் சாலைகளில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் ஆட்களிடம் இருக்கிறது, ஜூலைப் புத்தகக் கண்காட்சியில் தரையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளிடம் இருக்கிறது. நிலம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் சுற்றுக் கிராமங்களில் இருக்கிறது. அங்கெல்லாம் 3 மீட்டர் போதும்.

தூசி இந்தப் பகுதியின் தனிச் சொத்து. லென்ஸைக் கழற்றும்போது எம்10-இல் ஷட்டர் மூடியிருக்கும், சென்சார் நேரடியாக வெளியே தெரியாது. இருந்தாலும் தூசி மெல்ல உள்ளே போய்விடும். எஃப்/16-இல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். காற்றூதி ஒன்று பையில் இருக்கட்டும். வாயால் ஊதக் கூடாது.

தூசியைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. வடகிழக்குப் பருவமழை நம் மாவட்டத்தை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஊறவைக்கும். தோல் பைக்குள் வைத்த லென்ஸில் வெள்ளை வேர் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்

கல்யாண வேலை செய்கிறவர், பறவை எடுக்கிறவர், ஓடும் குழந்தையைத் துரத்துகிறவர் இதை வாங்க வேண்டாம். 70 செ.மீ.க்கு உள்ளே இந்த அளவுமானி அளக்காது, அதனால் முந்திரிப்பூவையும் நெருங்கி எடுக்க முடியாது. எம்10-இன் பேட்டரியும் நீண்ட நேரத்துக்குத் தாங்காது, இன்னொன்று சட்டைப் பையில் வேண்டும். பழையதே ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலையைத் தாண்டும். கடன் வாங்கி வாங்கும் பொருளே இல்லை.

தெருவில் மனிதர்களை எடுக்க ஆசை, ஆனால் தூர நின்று ஜூமில் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற உறுத்தலும் இருக்கிறது என்பவர்களுக்கு இது பொருந்தும். அவர்களும் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். கையில் இருக்கும் போனிலேயே பழகலாம். போன் கேமராவை 1.5 எக்ஸ்-இல் வைத்தால் ஏறக்குறைய 35-இன் பார்வை வந்துவிடும். அதை மாற்றாதீர்கள். எதிரே இருப்பவர் எத்தனை மீட்டர் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, அடியெடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். கொஞ்ச நாளில் 2 மீட்டரும் 3 மீட்டரும் கண்ணுக்குப் பழகிவிடும். அப்போது உங்களுக்கே ஒன்று தெரியவரும்: 2 மீட்டரில் போய் நிற்பது உங்களுக்கு இயல்பாக வருகிறதா, இல்லையா. வருகிறதென்றால் எந்தக் கேமரா என்று பிறகு யோசிக்கலாம். வரவில்லையென்றால் லைக்கா வாங்கினாலும் வராது, அந்தக் காசுக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது.